கட்டுமரம் திரும்பும்; குஞ்சு திரும்புமா?



மழைக்காலத்தில் குளத்திலோ வாய்க்காலிலோ காகிதக் கப்பல் விட்டு விளையாடாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். கப்பலை நீரில் வைத்தவுடன் அது காற்று வீசும் பக்கமாக நகர்ந்து போகும். அப்படிப் போன கப்பல் எப்பொழுதாவது தானாகவே உங்களிடம் திரும்பி வந்ததுண்டா? வந்திருக்காது. காற்று தள்ளிய திசையிலேயே போய் எதிர்க்கரையில் ஒதுங்கியிருக்கும்.

ஆனால் பாய் கட்டிய மரக்கலங்கள் காற்றை நம்பியே கடலுக்குப் போயின. காற்றை நம்பியே துறைக்குத் திரும்பியும் வந்தன. எதிர்க்காற்று வீசும்போதுகூட அவை ஊர் வந்து சேர்ந்தன. காகிதக் கப்பலால் முடியாதது கட்டுமரத்தால் எப்படி முடிந்தது?

இந்தக் கேள்விக்கு இயற்பியல் படித்தவர் எவரும் விடை சொல்லிவிடலாம். இதனோடு ஒட்டிய இன்னொரு கேள்வியை ஒரு மீனவப் பெரியவர் என்னிடம் கேட்டார். அதற்கு விடை தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டு கேள்விகளையும் இங்கே சேர்த்தே பார்ப்போம்.

குளச்சல் துறையில்

எனது ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில் உள்ளது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பேருந்து ஏறிக் கடலூருக்குத்தான் போக வேண்டும். 1999ஆம் ஆண்டு, முதுகலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் மாதக் கடைசியில் விடுதி நண்பன் ஒருவனுடன் அவனது ஊரான குளச்சலுக்குப் போயிருந்தேன்.

குளச்சல் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரபிக் கடலை நோக்கி இருக்கும் பழைய துறைமுகம். 1741ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றது இங்கேதான் என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். இந்தக் கடற்கரையை ஒட்டிக் கடலுக்குள் பாறைகள் பல உண்டு. அந்தப் பாறை இடுக்குகளே சிங்கி இறாலின் வீடு. இதைக் கல் இறால் என்றும் சொல்வார்கள். சாதாரண இறாலைவிடப் பல மடங்கு பெரியது. உடலெங்கும் முட்கள், உடலைவிட நீளமான இரண்டு உணர்கொம்புகள். பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளை உடைத்துத் தின்னும்.

வாடைக்காலத்தில் தொடங்கிக் கோடை வரையில் அங்கே சிங்கி பிடிக்கும் பருவம். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும். சிறு கலங்கள் பாறைகளை நெருங்க முடியாது. நான் போனது பருவம் முடியும் தறுவாயில். பனை மட்டைக் கீற்றுகளால் பின்னிய சிங்கிக் கூடுகள் சில கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கூட்டின் வாய் வெளியே அகன்றும் உள்ளே குறுகியும் புனல் போல இருந்தது. உள்ளே வைத்த இரையின் வாசனைக்கு நுழைவது எளிது. குறுகிய வாயைக் கண்டுபிடித்து வெளியேறுவது கடினம்.

பிற்பகலில் நண்பனும் நானும் மணலில் உட்கார்ந்திருந்தோம். கட்டுமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய் விரித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த நாளிலேயே பல மரங்களில் மோட்டார் வந்துவிட்டது. இன்று அந்தக் கரையில் பெரும்பாலும் மோட்டார் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளையே காணலாம். பாயின் கணக்கை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதனால் அதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

காற்றின் இரண்டு உதவிகள்

முதல் உதவியைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிராம் உலர்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய 5 மடங்கு. ஆகையால் பகலில் நிலம் விரைவில் சூடாகிறது. கடல் அவ்வளவு சூடாவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இது கடற்காற்று. இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. இது நிலக்காற்று. விடியுமுன் நிலக்காற்றில் மரத்தைத் தள்ளிக்கொண்டு போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வருவது மீனவர்களின் பழைய வழக்கம்.

ஆனால் எல்லா நாளும் காற்று இவ்வளவு ஒத்துழைப்பதில்லை. குளச்சலுக்குத் தென்கிழக்கே கடியப்பட்டினம் பக்கத்துப் பாறைகளுக்குப் போன மரம், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது ஊர் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்பொழுது காற்று எதிரே வருகிறது. இங்கே வேண்டியது இரண்டாவது உதவி.

ஒரு புளியங்கொட்டையை நீரில் நனைத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்துவது பக்கவாட்டில்; கொட்டையோ முன்னால் பாய்ந்து போகிறது. சரிவான அதன் ஓரங்கள் பக்கவாட்டு அழுத்தத்தில் ஒரு பகுதியை முன்னோக்கிய தள்ளுதலாக மாற்றிவிடுகின்றன. பாய்மரக் கலத்தின் நிலையும் இதுதான். அதை அழுத்தும் விரல்களில் ஒன்று காற்று, மற்றொன்று நீர்.

எதிரும் குறுக்குமாக வரும் காற்று சரிவாக நிறுத்திய பாயின் மீது ஏற்படுத்தும் விசை, பாயின் பரப்புக்கு ஏறக்குறையச் செங்குத்தாக இருக்கும். அந்த விசையை இரு கூறுகளாகப் பிரிக்கலாம். ஒன்று கலத்தின் நீளவாக்கில் முன்னோக்கிய சிறிய கூறு. மற்றது பக்கவாட்டில் தள்ளும் பெரிய கூறு. நீளமான கலம் பக்கவாட்டில் நகர வேண்டுமானால் ஏராளமான நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். அதற்கு மேலும் தடையாக, ஒரு பலகையைச் செங்குத்தாக நீருக்குள் இறக்கி வைக்கிறார்கள். ஆகவே பக்கவாட்டுக் கூறு பெரும்பாலும் வீணாகிறது. முன்னோக்கிய கூறு கலத்தை நகர்த்துகிறது. காகிதக் கப்பல் நீரின் மேல் மிதக்கிறதே தவிர நீருக்குள் பிடிப்பு எதுவும் இல்லாதது. அதனால்தான் அது காற்றின் போக்கிலேயே போய்விடுகிறது.

எந்தக் கலமும் காற்றுக்கு நேர் எதிராகப் பாயில் போக முடியாது. காற்று வரும் திசைக்கு ஒரு கோணத்தில் வலப்புறம் சிறிது தூரம், பிறகு இடப்புறம் சிறிது தூரம் என்று வளைந்து வளைந்து போக வேண்டும். கோணம் 60 பாகை என்று கொள்வோம். காற்றுக்கு எதிரே 3 கி.மீ. தொலைவில் துறை இருந்தால், கலம் ஓட வேண்டிய தூரம் 3 ÷ கொசைன் 60° = 3 ÷ 0.5 = 6 கி.மீ. தூரம் இரட்டிப்பாகிறது, ஆனாலும் ஊர் வந்து சேர்ந்துவிடலாம். பாய், நீருக்குள் பிடிப்பு, சுக்கான் போலப் பயன்படும் துடுப்பு, துறை எங்கே இருக்கிறது என்ற அறிவு ஆகிய நான்கும் இருந்தால் காற்று எப்பக்கம் வீசினாலும் வீடு திரும்பலாம்.

பெரியவர் கேட்ட கேள்வி

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மரங்களில் ஒன்று கரை சேர்ந்தது. அதில் வந்தவர் அறுபது வயதைக் கடந்தவர், நண்பனுக்குத் தெரிந்தவர். ஓலைக் கூடையில் ஐந்தாறு சிங்கிகள் இருந்தன. ஒன்றைத் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினார். உடனே அது 'கிர்ர்... கிர்ர்...' என்று சத்தமிட்டது.

சிங்கி இறாலுக்குக் குரல்வளை கிடையாது. உணர்கொம்பின் அடியிலுள்ள மென்மையான ஒரு பகுதியைக் கண்ணுக்குக் கீழேயுள்ள வழவழப்பான மேட்டின் மீது அது தேய்க்கிறது. தேய்க்கும்போது அப்பகுதி உராய்வால் ஒட்டிக்கொள்வதும் வழுக்குவதுமாக மாறி மாறி நிகழ்கிறது. வயலின் வில் தந்தியைப் பற்றி விடுவதும் இப்படித்தான். இந்த ஒற்றுமையை 2001ஆம் ஆண்டு ஷீலா படேக் என்னும் விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். ஓட்டைக் கழற்றி உடல் மெத்தென்று இருக்கும் நாட்களிலும் இவ்வாறு சத்தமிட்டு எதிரியை மிரட்ட முடியும்.

பெரியவர் அதைத் திருப்பிக் காட்டினார். வாலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டைகள். பெண் சிங்கி தன் முட்டைகளைப் பொரியும்வரை இப்படியே வயிற்றடியில் சுமந்து திரியும். நடுத்தர அளவுள்ள ஒரு சிங்கி லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும். பெரியது பல லட்சம் சுமக்கும்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நீ படிச்ச பிள்ளதான? ஒண்ணு கேக்கேன், சொல்லு. இத நான் திரும்பக் கடல்ல விட்டா, இதுக்க குஞ்சு எனக்க பாறைக்கே வருமா? இல்ல வேற எவனுக்க பாறைக்காவது போவுமா?"

எனக்கு விடை தெரியவில்லை. அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு அதைக் கூடையிலேயே போட்டுக்கொண்டார். கரையில் வியாபாரி நின்றுகொண்டிருந்தார். உயிருள்ள சிங்கிக்கு நல்ல விலை. வெளிநாட்டு ஓட்டல்களுக்கு அது விமானத்தில் உயிரோடு போகிறது. அந்த ஒரு சிங்கியின் விலை அவர் வீட்டில் இரண்டு நாள் அடுப்பெரிய உதவும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இப்பொழுது சொல்கிறேன்.

பெரிய சிங்கிக்குத் திசை தெரியும்

வளர்ந்த சிங்கி வழி தவறுவதில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலில் வாழும் நமது சிங்கியின் உறவினத்தைக் கொண்டு போல்ஸ், லோமன் என்ற இரு விஞ்ஞானிகள் நடத்திய சோதனை 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. சிங்கிகளைப் பிடித்து, வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய கலங்களில் வைத்து, 12 முதல் 37 கி.மீ. வரை தொலைவிலுள்ள புதிய இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்களை மறைத்து விட்டபோதும் அவை தாம் பிடிபட்ட இடத்தின் திசையை நோக்கியே நடந்தன.

எதைக் கொண்டு திசை அறிந்தன? அடுத்த சோதனையில் மின்கம்பிச் சுருள்களால் செயற்கையான காந்தப்புலத்தை உண்டாக்கினார்கள். வடக்கே சுமார் 400 கி.மீ. தள்ளியுள்ள இடத்தின் காந்தப்புலத்தைப் போல அமைத்தபோது சிங்கிகள் தெற்கு நோக்கி நடந்தன. தெற்கே அதே தொலைவிலுள்ள இடத்தைப் போல அமைத்தபோது வடக்கு நோக்கி நடந்தன. வடக்கு எது என்பது மட்டுமன்று, 'நான் வீட்டிலிருந்து எப்பக்கம் விலகியிருக்கிறேன்' என்பதும் பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு அவற்றுக்குத் தெரிகிறது. முதுகெலும்பில்லாத ஒரு பிராணியிடம் இத்தகைய திறமை உண்டு என்பது அப்பொழுதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது.

ஆகவே வளர்ந்த சிங்கி ஒரு கட்டுமரம் போன்றது. நடக்கக் கால்கள் உண்டு. பின்னோக்கிப் பாய வலிமையான வால் உண்டு. வீடு எங்கே என்ற அறிவும் உண்டு.

குஞ்சு ஒரு காகிதக் கப்பல்

குஞ்சின் கதை வேறு. ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை பொரிந்து வெளிவரும் குஞ்சின் நீளம் 2 மில்லி மீட்டர்கூட இராது. அதைப் பார்த்தால் சிங்கியின் பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காகிதம் போலத் தட்டையான உடல், கண்ணாடி போன்ற நிறமின்மை, சிலந்தியின் கால்கள் போல மெல்லிய கால்கள். விஞ்ஞானிகள் இதற்கு 'ஃபில்லோசோமா' என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் 'இலை உடல்' என்று பொருள். உண்மையிலேயே அது ஓர் இலையைப்போலத்தான் கடலில் மிதந்து போகிறது.

மிதப்பது ஒரு நாள் இரண்டு நாள் அன்று, பல மாதங்கள். சில இனங்களில் ஓராண்டுக்கும் மேல். இடையிடையே தோலுரித்து வளர்ந்து, கடைசியில் 'பியூருலஸ்' என்ற நிலையை அடைகிறது. அப்பொழுதுதான் அதற்குச் சிங்கியின் உருவம் வருகிறது. உடல் மட்டும் இன்னும் கண்ணாடி போலவே இருக்கும். இந்நிலையில் அது இரை தின்பதில்லை. முன்பு சேர்த்துவைத்த சத்தைக் கொண்டே கரையை நோக்கி நீந்தி வந்து, பாறை இடுக்கு ஒன்று கிடைத்தால் அதில் குடியேறுகிறது. கிடைக்காவிட்டால் அதன் வாழ்வு அங்கேயே முடிந்தது.

இந்தக் குஞ்சுகள் நடுக்கடலிலும் காணப்படுகின்றன. டென்மார்க் நாட்டின் 'டானா' ஆய்வுக் கப்பல் 1928 முதல் 1930 வரை நடத்திய பயணத்தில் இந்தியப் பெருங்கடலில் சேகரித்த ஃபில்லோசோமாக்களை நமது நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1975ஆம் ஆண்டு எழுதினார்கள்.

ஒரு சிறு கணக்கு

குஞ்சு எவ்வளவு தூரம் போகக்கூடும்? நாமே கணக்கிடலாம். நீரோட்டத்தின் வேகம் வினாடிக்கு கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது நாம் மெதுவாக நடப்பதைவிடக் குறைந்த வேகம்.

ஒரு நாளில் உள்ள வினாடிகள் 86,400.
ஒரு நாளில் செல்லும் தூரம் = 0.25 × 86,400 = 21,600 மீட்டர் = 21.6 கி.மீ.
100 நாட்களில் செல்லும் தூரம் = 2,160 கி.மீ.

சென்னையிலிருந்து டெல்லிக்கு உள்ள ரயில் தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான். 2 மில்லி மீட்டரில் தொடங்கிய ஓர் உயிர், கைகால்களை வீசாமலே இந்த நாட்டின் நீளத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிட முடியும்!

நீரோட்டம் ஒரே திசையில் ஓடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தென்கடல் மீனவர்கள் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். காற்றுக் காலம் மாறினால் நீவாடும் மாறும் என்பது அவர்கள் அனுபவம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறக்குறைய அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நமது கிழக்குக் கரையை ஒட்டி நீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அது இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடலுக்குள்ளும் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே நீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது.

இதை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை மாதத்தில் நமது கடலூர்க் கரையில் பொரிந்த ஒரு குஞ்சு, நீவாட்டோடு தெற்கே போய், இலங்கையைச் சுற்றிக் குளச்சல் பக்கம் போகவும் கூடும். குளச்சலில் பொரிந்தது இலங்கைக் கரையில் ஏறவும் கூடும். சில நடுக்கடலிலேயே அழிந்துபோகும்.

அப்படியானால் ஒன்றுகூடத் தன் ஊருக்குத் திரும்பாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. கடலில் பெரிய நீர்ச்சுழல்கள் உண்டு. அவற்றில் அகப்பட்டது சுற்றிச் சுற்றி ஒரே வட்டாரத்தில் இருக்கும். மேலும் குஞ்சுகள் பகலில் கீழேயும் இரவில் மேலேயும் வருகின்றன. மேல் நீர் ஒரு பக்கம் ஓட, அடி நீர் வேறு பக்கம் ஓடுவதுண்டு. மேலும் கீழும் போய்வருவதாலேயே ஒரு குஞ்சு புறப்பட்ட இடத்திற்கு அருகில் தங்கிவிடவும் முடியும். ஆனால் 'இந்தப் பாறையில் பொரிந்தது இந்தப் பாறைக்கே வரும்' என்று உறுதி கூற எவராலும் இயலாது.

பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான்: அவர் விட்ட சிங்கியின் குஞ்சு அவருடைய பாறைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் எதற்காக விட வேண்டும்?

இங்கேதான் நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். 'எனக்குத் திரும்பி வராது; ஆகவே விட வேண்டியதில்லை' என்று ஒருவர் நினைப்பது இயற்கை. ஆனால் அவர் பாறையில் இன்று இருக்கும் சிங்கிகள் எங்கிருந்து வந்தவை? அவையும் வேறு எங்கோ பொரிந்து மிதந்து வந்தவையாக இருக்கலாம். வேறு துறைக்காரர் எவரோ பிடிக்காமல் விட்ட தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். எல்லாத் துறையினரும் 'எனக்கு வராது' என்று தாயைப் பிடித்துவிட்டால் யாருக்கும் குஞ்சு வராது. எல்லாரும் விட்டால், யாருடையது என்று தெரியாவிட்டாலும், எல்லாருக்கும் வரும்.

நமது ஊர்ப்பக்கத்தில் இதைப் புரிந்துகொள்வது எளிது. முன்னாளில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. ஏரியைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். நான் வாரிப்போட்ட கூடை மண்ணின் இடத்தில் தேங்கும் நீர் என் வயலுக்கே பாயுமா என்று யாரும் கேட்கவில்லை. ஏரி நிறைந்தால் எல்லா மடைக்கும் நீர் வரும் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஓரிரு வீட்டார் வராவிட்டால் ஏரி தாங்கும். ஒருவருமே வராவிட்டால் தூர்ந்துபோகும்.

கடலும் தூர்ந்துபோகுமா? போகும். மும்பைக் கடலில் தட்டையான உடலுடைய மணல் சிங்கி ஒரு காலத்தில் இழுவலைகளில் நிறையக் கிடைத்தது. 1970களின் கடைசியில் பெரிய தொழிலாக வளர்ந்தது. முட்டை சுமந்த பெண்களும் சேர்ந்தே பிடிபட்டன. 1994 அளவில் அந்தத் தொழில் ஏறக்குறைய முற்றிலும் படுத்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

காப்பாற்றியவர்களும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கடலில் பெரிய கொடுக்குகளையுடைய வேறொரு வகைச் சிங்கி இருக்கிறது. அங்குள்ள மீனவர்கள் முட்டை சுமந்த பெண் கிடைத்தால் அதன் வால் துடுப்பில் 'வி' எழுத்து வடிவத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டிக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை அது வேறொருவர் கூட்டில் முட்டையின்றி அகப்பட்டாலும், அந்த அடையாளத்தைக் கண்டவுடன் அவரும் விட்டுவிட வேண்டும்; இது அங்கே சட்டம். 'இது முட்டையிடும் தாய்' என்று ஒரு மீனவர் முகம் தெரியாத மற்றொரு மீனவருக்கு எழுதும் கடிதம் அந்த வெட்டு.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னொரு நல்ல ஏற்பாடு. கரையோரத்தில் செயற்கைப் புதர்களைக் கட்டிவைத்து, அவற்றில் வந்து ஒட்டும் பியூருலஸ் குஞ்சுகளை 1960களின் கடைசியிலிருந்து எண்ணி வருகிறார்கள். இந்த ஆண்டு குஞ்சு குறைவு என்றால், அவை வளர்ந்து வலைக்கு வரும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிடிப்பும் குறையும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதற்கேற்பப் பிடிப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டு மத்திய அரசு, ஏற்றுமதியாகும் சிங்கிகளுக்குக் குறைந்தபட்ச எடையை நிர்ணயித்தது. குமரிக் கடலில் மிகுதியாகக் கிடைக்கும் பாறைச் சிங்கி உயிருடன் அனுப்பப்படும்போது 200 கிராமுக்குக் குறையக் கூடாது. சேற்றுத் தரையில் வாழும் சிங்கி வகைக்கு 300 கிராம். உடலில் அழகிய கோலங்களையுடைய பெரிய வகைக்கு 500 கிராம். ஒரு தடவையாவது முட்டையிட வாய்ப்புத் தந்த பிறகு பிடியுங்கள் என்பதே இதன் கருத்து. முட்டை சுமந்த பெண்ணை விட்டுவிடுங்கள் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மீனவர்களிடம் வலியுறுத்தி வருகிறது. விட்டவருக்கு அன்றைக்கு நட்டம்தான். அதை நாம் மறைக்கக் கூடாது. ஆகையால்தான் ஒருவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்காமல், எல்லாத் துறைக்கும் பொதுவான விதி வேண்டியிருக்கிறது. வாங்கும் வியாபாரியும் தின்பவரும்கூட அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டும்.

இன்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன்: "ஐயா, உங்கள் மரத்துக்குப் பாயும் துடுப்பும் உண்டு, உங்கள் துறைக்கே திரும்பும். இதன் குஞ்சுக்கு அவை இல்லை. காற்றும் நீவாடும் கொண்டுபோய் விடுகிற பாறைதான் அதற்கு ஊர். உங்கள் பாறைக்கு வந்த சிங்கியும் யாரோ விட்டதுதான். நீங்கள் விடுவது யாருக்கோ போகும். யாரோ விடுவது உங்களுக்கு வரும்."

செய்து பாருங்கள்

1. அகலமான தாம்பாளத்தில் நீர் ஊற்றி, நீர் அசைவற்று நின்றவுடன் மேலே சிறிது மிளகுத் தூளைத் தூவுங்கள். ஒரு சொட்டு நீல மையை மெதுவாக அடியில் இறக்குங்கள். பிறகு ஒரு பக்கத்திலிருந்து நீரின் மேற்பரப்பை ஒட்டி மெல்ல ஊதுங்கள். மிளகுத் தூள் எப்பக்கம் போகிறது? அடியிலுள்ள மை எப்பக்கம் போகிறது? மேலும் கீழும் போய்வரும் குஞ்சின் பயணத்தை இதிலிருந்து விளக்க முயலுங்கள்.

2. இரண்டு சிறு மரத்துண்டுகளுக்குக் காகிதப் பாய் கட்டுங்கள். ஒன்றின் அடியில் மட்டும் ஒரு தகரத் தகட்டைச் செங்குத்தாகச் செருகுங்கள். பாயைச் சரிவாக வைத்துப் பக்கவாட்டில் விசிறியால் விசிறுங்கள். எது முன்னேறுகிறது, எது பக்கவாட்டில் ஒதுங்குகிறது என்று கவனியுங்கள்.

3. நீரோட்டம் வினாடிக்கு 0.1 மீட்டர், குஞ்சு மிதக்கும் காலம் 150 நாட்கள் என்றால் அது அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும்? (விடை: 1,296 கி.மீ.) உங்கள் பள்ளியிலுள்ள தேசப்படத்தில் கடலூரிலிருந்து அந்த அளவுக்கு ஒரு நூலை எடுத்து, கரையை ஒட்டித் தெற்கே வைத்துப் பாருங்கள். நூலின் முனை எந்தத் துறைமுகங்களைத் தாண்டிப் போகிறது? நமது கரையில் முட்டையோடு விடப்படும் ஒரு சிங்கி யார் யாருக்குச் சொந்தம் என்று அப்பொழுது விளங்கும்.